லண்டனுக்குப் போன முதல் அழைப்பு

ஞாயிறு காலை பத்து பதினேழு. எங்கள் குசினிக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும், ஆகவே உண்மையில் பத்து பன்னிரண்டு. அம்புலன்ஸில் வந்தவர்கள் நேரம் கேட்டபோது இந்தக் கணக்கைத்தான் விளக்கிக்கொண்டு நின்றேன்.

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட். என் கணவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சம்பல் அவர் பொறுப்பு. அதற்கான பாராட்டை அடுத்த சனி வரை எதிர்பார்ப்பார். துருவும் சத்தம் திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தால் நிலத்தில் கிடக்கிறார்.

"இஞ்சேருங்கோ" என்று தோளை உலுப்பினேன். அசைவில்லை. தொண்டையிலிருந்து விட்டுவிட்டுக் குறட்டை போல ஒரு சத்தம் மட்டும். இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, மேசையிலிருந்த தேநீரை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"அம்மா, ஊத்தாதேங்கோ." மகள் அறையிலிருந்து ஓடிவந்திருந்தாள்.

"மூச்சு இருக்குது பிள்ளை. சத்தம் கேக்குதெல்லே."

"அது மூச்சில்லை. அம்புலன்ஸுக்கு எடுங்கோ."

முழங்காலில் இருந்து, தகப்பனின் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமத்தத் தொடங்கினாள். கம்பஸில் இரண்டு நாள் முதலுதவி வகுப்பில் படித்தது. வீட்டில் நீளத் தலையணையை வைத்துப் பழகினாள். சோதனைக்குப் படிக்காமல் பஞ்சோடு மல்லுக்கட்டுகிறாள் என்று நான் புறுபுறுப்பேன். "இண்டைக்கு தலையணை தப்பிச்சுதோ?" என்று கேட்பது இவருடைய பின்னேரப் பகிடி.

நான் போனை எடுத்தேன். எடுத்தது லண்டனுக்கு.

அங்கே இருக்கிற மச்சாள், இவருடைய அக்கா, தோல் டொக்டர். காய்ச்சலோ கால் சுளுக்கோ, எங்கள் வீட்டில் முதல் அழைப்பு அவருக்குத்தான். விரல் தானாகவே போய்விட்டது. அங்கே இன்னும் விடியவில்லை.

"ஆர் செத்தது?" என்றுதான் தொடங்கினார்.

சொன்னேன்.

"எனக்கேன் எடுக்கிறாய்? போனை வை. அம்புலன்ஸுக்கு எடு."

"ஓம் மச்சாள். நித்திரையைக் குழப்பினதெண்டு குறை நினையாதேங்கோ."

வைத்துவிட்டார். அப்படி ஒரு நிமிடம் வீணாய்ப்போனது.

அம்புலன்ஸுக்குச் சொல்லி முடிப்பதற்குள் மகளின் கைகள் ஓய்ந்துவிட்டன. "இப்ப நீங்கள், அம்மா."

பிட்டுக்கு மா குழைப்பதுபோல மெல்லத் தொட்டேன்.

"தடவாதேங்கோ. அமத்துங்கோ. கெதியா."

"எலும்பு உடைஞ்சிடும் பிள்ளை."

"உடைஞ்சா ஒட்டும். நிப்பாட்டாதேங்கோ."

அவள் எண்ண, நான் அமத்தினேன். இருபத்துநான்கு வருடத்தில் இந்த மனுசன் மீது இவ்வளவு பலத்தை நான் பாவித்ததில்லை. அவர் இதை மறுக்கிறார்.

மாறி மாறி அமத்தினோம். அம்புலன்ஸ்காரர் வந்து மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவது தடவையில் இதயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை தொடங்கியிராவிட்டால் தாங்கள் வந்தும் பிரயோசனம் இருந்திராது என்று ஆஸ்பத்திரியில் வைத்து அவர்களே சொன்னார்கள். அதைக் கேட்டபிறகுதான் நான் அழுதேன்.

இப்போது வீட்டில் இருக்கிறார். இரண்டு விலா எலும்பு நோகிறதாம். ஒன்று மகளுடையது, மற்றது என்னுடையது என்று வருகிறவர்களுக்குத் தொட்டுக் காட்டுகிறார். குசினியில் அவர் சத்தம் நின்றால் நான் குளியலறையிலிருந்தும் ஓடிவருகிறேன். அதனால் பத்திரிகை வாசிக்கும்போதும் இடைக்கிடை "இருக்கிறன்" என்று அறிவித்துவிடுகிறார்.

பத்தாம் நாள் மச்சாள் லண்டனிலிருந்து வந்து இறங்கினார். தம்பியைப் பார்க்கமுதல் வாசலிலேயே என் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனி ஆராவது விழுந்தா அம்புலன்ஸுக்கு எடு. சொறி வந்தா எனக்கு எடு."