சந்தேகக் கேஸ்

மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் போலீஸ்காரர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஊரில் கிணற்று மோட்டார் காணாமல் போனாலும் சரி, கோழி காணாமல் போனாலும் சரி, குறவர் குடியிருப்பில் கூடை முடைகிற மாரியைத்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏன் என்று கேட்டால் ‘சந்தேகக் கேஸ்’ என்பார்கள். வகுப்பில் சந்தேகம் வந்தால் நாங்கள் வாத்தியாரைக் கேட்போம். போலீஸ்காரர்கள் மாரியைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது, அவர் பெரிய அறிவாளிதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அவரை மீட்டு வர என் பெரியப்பாவும், நாமகிரிப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாயும், மாதா கோயில் ஃபாதரும் சேர்ந்தேதான் போவார்கள். தனித்தனியாகப் போய்ப் பட்டுத் தெளிந்த பிறகு வந்த ஏற்பாடு அது. பெரியப்பா போனால், தன் தோட்டத்தில் காவலிருக்கிற ஆளுக்குப் பரிந்துகொண்டு வருகிறார் என்றார்கள். ஃபாதரிடம், மதம் மாற்ற ஆள் பிடிக்கிறீர்களா என்று கேட்டார்கள். பாய் பாடுதான் திண்டாட்டம். திருட்டுச் சாமான் வாங்கியது நீதானா என்று அவரையே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று பேரும் ஒன்றாகப் போனால் மட்டும் என்ன சொல்வதென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்து உடுப்புக்குத் துணி எடுக்கப் பெரியப்பாவோடு டிராக்டரில் கிளம்பினேன். வழியில் மாரியின் மனைவி மறித்தார்.

“மோட்டாரு காணோம்னு முந்தாநேத்து கூட்டிட்டுப் போனாங்க சாமி. இன்னும் ஊடு வரலீங்க. சோறு கொண்டுபோனேன், பாக்க உடலீங்க.”

பெரியப்பா துணிக்கடையை மறந்தே போனார். எனக்கு அழுகை வந்தது, துணிக்காக.

பாயையும் ஃபாதரையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார் ஏட்டு.

“இருந்து பாத்துட்டே போறமுங்க,” என்று பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். “ஒண்ணு, கேசு எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புங்க. இல்லீன்னா உட்டுருங்க. மோட்டாரு போன ராத்திரி அவன் எங்க காட்டுலதான் கடலைக்குக் காவலிருந்தான்.”

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்று ஏட்டு அலுத்துக்கொண்டார்.

“எங்களுக்கு வேற வேலை இல்லீங்க,” என்றார் பாய்.

ஃபாதர் ஜெபமாலையை எடுத்தார். தொழுகை நேரம் வந்ததும் பாய் அங்கேயே ஓரமாகத் துண்டை விரித்தார். பெரியப்பாவுக்கு அந்த மாதிரி ஒன்றும் பழக்கமில்லாததால் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போது இன்ஸ்பெக்டர் வந்தார், இவர்களைப் பார்த்தார், உள்ளே போனார். சற்று நேரத்தில் மாரியை வெளியே விட்டார்கள். விசாரணை முடிந்துவிட்டதாம்.

பாயும் ஃபாதரும் கைகொடுத்து அவரை டிரெய்லரில் ஏற்றினார்கள். பெரியப்பா சாக்கை மடித்துப் போட்டு, “உக்காருப்பா,” என்றார். “இருக்கட்டுங்க சாமி,” என்று சொல்லிவிட்டு, ஊர் வந்து சேரும்வரை மாரி கம்பியைப் பிடித்தபடி நின்றே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், பெரியப்பா மேல் மாரிக்கு எவ்வளவு மரியாதை, உட்காரச் சொல்லியும் உட்காரவே இல்லை என்று. அம்மா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் ஊற்றி மாரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மரியாதைக்கு எண்ணெய் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.