தண்ணீருக்குள் இறங்கிய சமையல்காரி

அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு அவள்தான். எட்டு வருஷம் நான் கரண்டி பிடித்த சமையலறைக்குள் வந்து, முதல் நாளே என் உப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டவளுக்கு இதற்கு மேல் மரியாதை என்னிடம் ஸ்டாக் இல்லை.

இடம் ஒரு நீச்சல் பயிற்சி விடுதி. இருபத்திரண்டு பிள்ளைகள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குளத்தில் இறங்கி, இரண்டரை மணி நேரம் கையையும் காலையும் அடித்துவிட்டு, சிவந்த கண்ணோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவார்கள். நான் இருந்தவரை எண்ணெய் மிதக்கும் குழம்பு, பொரித்த கோழி. தட்டை நக்காத குறையாகத் தின்றுவிட்டுப் போவார்கள். அப்புறம் போட்டிக்குப் போய்க் கடைசி ஆளாகக் கரை ஏறுவார்கள். அதற்கு நான் என்ன செய்வது? நீந்தியது நானா? கோச் அப்படி நினைக்கவில்லை. "மாஸ்டர், உங்க எண்ணெய் எல்லாம் இவங்க இடுப்புல இருக்கு" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னான். அடுத்த வாரம் இவளைக் கூட்டி வந்தான். என்னை வெங்காயம் நறுக்க விட்டான்.

குட்டையான உருவம், தடித்த மணிக்கட்டு, சிரிப்பு என்பதே கிடையாது. பதினாலு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாக் கஞ்சியும் வேகவைத்த காயும் ஆக்கியவள். கையில் ஒரு சின்னத் தராசு. அரிசி, பருப்பு, கோழி, ஒரு கரண்டி எண்ணெய்கூட அதில் ஏறி இறங்காமல் சட்டிக்குள் போகாது. பிள்ளைகள் தராசக்கா என்றார்கள். நான் அக்காவை வெட்டிவிட்டுத் தராசு என்றேன். அவள் காதுபடவே.

"என்ன தராசு, தண்ணியையும் நிறுத்துதான் ஊத்துவியா?"

"தண்ணிக்கு அளவு இருக்கு மாஸ்டர். சில பேரு வாய்க்குத்தான் இல்ல."

இப்படித்தான் எங்கள் பேச்சு ஆரம்பித்தது. இன்னும் அப்படித்தான்.

அவள் கதை எனக்குத் தெரிந்தது அவள் என்னிடம் சொல்லி அல்ல. பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் பருப்பு கழுவிக்கொண்டே சொன்னாள். நான் நறுக்குகிற சாக்கில் கேட்டேன். புருஷன் இருக்கிறான், சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிகிற ரகம். கடைசியாக எறிந்த தட்டு மகள் நெற்றியில் பட்டிருக்கிறது. அன்றைக்கே மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணன் வாயில்லாப் பூச்சி. அண்ணி அப்படியில்லை. சோப்பு கரைவதைப் பார்த்து ஒரு பெருமூச்சு, விளக்கு எரிவதைப் பார்த்து ஒரு பெருமூச்சு. மூன்று வருஷம் அந்தப் பெருமூச்சுகளுக்கு நடுவில், கூடத்தில் பாய் போட்டுத் தூங்கியிருக்கிறார்கள் தாயும் மகளும். இந்த வேலைக்கு, சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள். நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்த மகள் அதில் மேஜை போட்டுப் படித்தாள்.

கோச் போட்ட நிபந்தனை இது: மூன்று மாதம் பார்ப்பேன். இவ்வளவு நீந்துகிற பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் உருகிவிடுவார்கள். தொண்ணூறாம் நாள் எல்லாரையும் எடை பார்ப்பேன். குறைந்திருந்தால் நீங்கள் அறையைக் காலி செய்யலாம், மாஸ்டர் பழையபடி சமைக்கட்டும்.

எனக்குக் கசக்குமா? தொண்ணூறு நாளைச் சுவரில் கோடு போட்டு எண்ணினேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவள் சமையல் மோசமில்லை. ஆவியில் வேகவைத்த கோழியில் பூண்டும் மிளகும் இருந்தன. பருப்பு குழைவாக இருந்தது. அடுப்பருகே நின்று ஒரு வாய் போட்டுப் பார்த்தால், அட, சரிதான் என்று தோன்றும். ஆனால் தட்டுகள் பாதி அப்படியே திரும்பி வந்தன. எச்சில் கொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்துவிடுவாள். கொட்ட வருகிற ஒவ்வொருவரையும் மறிப்பாள். நெட்டை என்று ஒரு பெண், முதுகு நீச்சல்காரி, விடுதியிலேயே வேகமானவள். அவள் தட்டில்தான் மிச்சம் அதிகம்.

"ஏன்டி, என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லக்கா. ருசியே தெரியல. நனைஞ்ச பேப்பரைத் தின்ன மாதிரி இருக்கு."

"பேப்பரைத் தின்னு பாத்திருக்கியோ?"

"இனிமே தின்ன வேண்டியதில்லையே, அதான் நீங்க இருக்கீங்களே."

நான் சத்தமாகவே சிரித்தேன்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். சாமான் வைக்கும் அறையில் பழைய கேஸ் அடுப்பு ஒன்று கிடந்தது. அந்த அறை ஜன்னல் விடுதியின் பின்பக்கம் திறக்கும். மாலைப் பயிற்சி முடிந்ததும் அங்கே நான் உருளைக்கிழங்கு பொரிப்பேன், கோழித் துண்டு பொரிப்பேன், காகிதத்தில் சுருட்டி ஜன்னல் வழியாக நீட்டுவேன். முதலில் நாலு பேர். ஒரு மாதத்தில் இருபத்திரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். என் கணக்கு எளிமையானது. இங்கே வயிறு நிறைந்தால் அங்கே தட்டு நிறைந்தபடியே திரும்பும். வாளி நிரம்பும். இவள் கிளம்புவாள்.

கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. கோச் பார்க்கப்போவது வாளியை அல்ல, எடையை. அது தொண்ணூறாம் நாள் காலை, முதல் பையன் எடை மேடையில் ஏறி முள் சரசரவென்று நகர்ந்தபோதுதான் என் மரமண்டையில் ஏறியது. ஒன்றரைக் கிலோ கூடியிருந்தான். அடுத்தவன் இரண்டு. நெட்டை கிட்டத்தட்ட மூன்று. கோச் முகம் பூரித்துவிட்டது.

"பிரமாதம் மேடம். அறை உங்களுக்குத்தான். சந்தோஷமா?"

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நானாக இருந்தால் ஓடியே போயிருப்பேன். அவள் நகரவில்லை. கோச் மேஜை இழுப்பறையைத் தானே திறந்தாள். தோலைக் கிள்ளிக் கொழுப்பு அளக்கிற கிடுக்கி ஒன்று அதில் தூசி படிந்து கிடந்தது. அதை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"கிள்ளிப் பாருங்க சார்."

"எதுக்கு மேடம், அதான் ஏறியிருக்கே."

"அதான் சொல்றேன். ஏறக் கூடாது. தினமும் பாதிச் சாப்பாடு வாளியில கிடக்குது. நான் போடுற எண்ணெய்க்கு நாலு மாசம் ஆனாலும் இவ்வளவு ஏறாது. கிள்ளிப் பாருங்க."

கிள்ளினான். நெட்டையின் இடுப்பில் கிடுக்கி விரிந்துகொண்டே போனது. ஏறியது சதையல்ல, கொழுப்பு.

"இது என் எடை இல்ல சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒரு விரலை நீட்டினாள். "அந்தாளோட எடை. சாமான் அறையில எண்ணெய் டின்னைப் பாருங்க. ஒரு மாசத்துல ரெண்டு டின் எங்க போச்சுன்னு கேளுங்க."

இருபத்திரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். நான் கோச்சைப் பார்த்தேன். அவன் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கே என்னை வெளியே தள்ளப் பார்த்தான். அவள்தான் தடுத்தாள். இரக்கத்தில் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

"இன்னும் ஒரு மாசம் குடுங்க சார். சாமான் அறைச் சாவி என்கிட்ட இருக்கட்டும். அந்தாளும் இருக்கட்டும். போனா சும்மா போவானா, வாசல்ல கடை போடுவான். கண்ணு முன்னால கிடக்கட்டும். மாசக் கடைசியில எடையும் பாருங்க, கிள்ளியும் பாருங்க. எடை குறைஞ்சாலும் கொழுப்பு கூடினாலும் நானே எங்க அறைச் சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

கையில் கிடைத்த அறையை மறுபடி பணயம் வைத்தாள். அன்று மாலை பின்னறையில் மகள் கத்தியது சமையலறை வரை கேட்டது. "உனக்கு என்னம்மா வீராப்பு? திரும்ப அத்தை வீட்டுக் கூடத்துல போய்ப் படுக்கணுமா?" அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் அவள் முகம் கருங்கல்லாக இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

பொரியல் நின்றதும் பிள்ளைகள் எரிச்சலானார்கள். பசியோடு வந்து, இரண்டு வாய் மென்று, தள்ளிவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் நெட்டை கன்னம் ஒட்டிவிட்டது. தராசு மிளகைக் கூட்டினாள், பூண்டைக் கூட்டினாள், மசாலாவை மாற்றினாள். வாளி நிரம்பியது.

எட்டாம் நாள் மாலை, பயிற்சி நேரத்தில், அவள் சமையலறையில் இல்லை. குளத்துப் பக்கம் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தேன். மகளுடைய தொளதொளக் கால்சட்டையும் டீ-சட்டையும் போட்டுக்கொண்டு, சமையலறையில் தலைக்கு மாட்டுகிற வலைத் தொப்பியோடு, கழுத்தளவுத் தண்ணீரில் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீச்சல் தெரியாது. நெட்டை சொல்லச் சொல்ல முகத்தை முக்குகிறாள், தண்ணீரை வாயில் வாங்கித் துப்புகிறாள், காலை உதைக்கிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன தராசு, தற்கொலையா? சொல்லியிருந்தா கல்லு கட்டி விட்டிருப்பேனே."

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தட்டு சாப்பாடு கொண்டாங்க. வாயை அங்கேயே விட்டுட்டு வாங்க."

கொண்டு போனேன். உதடு நீலமாகி, கண் சிவந்து, கரையில் உட்கார்ந்து ஒரு வாய் போட்டாள். மென்றாள். துப்பினாள். இன்னொரு வாய். அதையும் துப்பினாள்.

"மருந்துத் தண்ணி" என்றாள். "வாய் முழுக்கக் குளோரின். நாக்கு மரத்துப்போய்க் கிடக்குது. இதுக்கு மேல தலைகீழா நின்னு மிளகு போட்டாலும் ஏறாது."

அடுப்பருகே சூட்டில் நிற்பவனுடைய வாய் வேறு, இவர்கள் வாய் வேறு. எட்டு வருஷம் சமைத்த எனக்கு அது தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.

தலை துவட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "உங்க பொரியலை மட்டும் ஏன் தின்னாங்க?"

"ருசி. கை அப்படி."

"கையாவது காலாவது. இந்த வாய்க்கு ருசியே தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "கடிச்சா சத்தம் வரும். அதைத்தான் தின்னிருக்காங்க. எண்ணெய் இல்லாம அந்தச் சத்தம் வர வைக்கத் தெரியுமா, இல்ல டின்னைக் கவுக்க மட்டும்தான் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவள் கேட்ட தினுசில் சொல்ல விருப்பமில்லை. தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டு போவதிலும் விருப்பமில்லை. கிழங்கைப் பாதி வேகவைத்து, சட்டியோடு குலுக்கி, ஓரம் பிய்ந்து மாவாக வந்ததும் ஓவனில் அதிகச் சூட்டில் வைத்தால் மொறுமொறு என்று வரும். தட்டு முழுக்க ஒரு கரண்டி எண்ணெய் போதும். கோழிக்கு, காய்ந்த ரொட்டியைப் பொடித்து மேலே ஒட்டினால் சரி. சொன்னேன்.

"எட்டு வருஷமா இது தெரிஞ்சும் டின்னைக் கவுத்திருக்கீங்க" என்றாள். நன்றி இல்லை, ஒன்றும் இல்லை.

மிச்சமெல்லாம் அவள் வேலை. குளத்து வாசலிலேயே மேஜை போட்டு, ஆளுக்கு ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாறு, சர்க்கரை குறைவாக, ஒரு சிட்டிகை உப்போடு. முதல் மடக்கைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், மீதியைக் குடிக்க வேண்டும். துப்பாதவனுக்குத் தட்டு கிடையாது. அளந்த உப்பில் பாதியைச் சட்டிக்குள் போடவில்லை. பரிமாறும்போது மேலே தூவினாள், நாக்கில் முதலில் படும்படி. குளிர்ந்து வருகிறவர்களுக்குத் தட்டையே சுடவைத்தாள். பருப்பில் தக்காளியைத் தீயில் சுட்டுப் பிசைந்து போட்டாள். ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டோம். தக்காளித் தோலுக்கு ஒரு நாள் முழுக்கச் சண்டை. வாரத்துக்கு இரண்டு தடவை அவளே குளத்தில் இறங்கி, ஏறி வந்து ருசி பார்த்தாள். வாளியில் எலும்பு மட்டும் விழ ஆரம்பித்தது.

மாதக் கடைசி. கோச் எடை மேடையைத் துடைத்து வைத்தான். மகள் கல்லூரிக்குப் போகாமல் கதவோரம் நின்றாள், அறைச் சாவி அவள் கையில். எடை சிலருக்கு அப்படியே, சிலருக்குக் கொஞ்சம் கூடுதல். கிடுக்கி எல்லாருக்கும் இறங்கியிருந்தது. கடைசியாக நெட்டை. முந்தின தடவையைவிட முந்நூறு கிராம் கூடுதல். கோச் கிள்ளினான், மறுபடி கிள்ளினான், இன்னொரு பக்கமும் கிள்ளினான்.

"ஐயோ சார், பிச்சு எடுத்துடாதீங்க" என்றாள் நெட்டை.

"நல்லா குறைஞ்சிருக்கு" என்றான் கோச். "எடை கூடி, கொழுப்பு குறைஞ்சு. அறை உங்களுக்குத்தான் மேடம். இந்தத் தடவை மறுப்பு சொல்லாதீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். தராசு தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

கோச் என்னைக் காட்டிக் கேட்டான்: "மாஸ்டரை என்ன பண்றது? நீங்க சொல்றதுதான்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இவ என்ன சொல்றது? நானே போறேன். இவ கீழ எவன் வேலை பாப்பான்?"

"போங்க" என்றாள் அவள். "தாராளமா போங்க. எழுபது கிழங்கு கிடக்குது, அதை நறுக்கிட்டுப் போங்க."

நறுக்கினேன். வந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லி. ஒண்ணு வேகும், ஒண்ணு கருகும்."

"தெரியும். தடியை முதல்ல போடணும், ஒல்லியைப் பத்து நிமிஷம் கழிச்சுப் போடணும். நீ போய் அடுப்பைப் பாரு, எனக்குப் பாடம் நடத்தாத."

"அப்ப நாளைக்கும் நீங்கதான் போடணும். எனக்கு எது எதுன்னு தெரியாது."

"நாளைக்கு வருவேன்னு யாரு சொன்னது?" என்றேன், அடுத்த கிழங்கை எடுத்தபடி.