மாக்ரெட்டின் காதில் விழுந்த பிரஷர்

மாக்ரெட்டுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் நஞ்சம்மா. கொட்டாஞ்சேனையிலிருந்து காலை ஏழு மணிக்கே வந்துவிடுவாள். பதினொரு வருடமாக எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நஞ்சுக்கொடியோடுதான் அவள் சீவியம். பிள்ளை பிறந்த கையோடு அது ஐஸ் பெட்டியில் வரும், சில வேளை கருப்பையின் சிறு துண்டும் கூட வரும். வெட்டி, கழுவி, ஐஸில் வைத்தபடியே அரைத்து, அதிலுள்ள நொதியங்களை, அதாவது என்சைம்களை, அளப்பாள். பெட்டிக்குப் பச்சை மூடி என்றால் சாதாரணத் தாய், சிவப்பு மூடி என்றால் இரத்த அழுத்தம், பிரஷர் உள்ள தாய். தாயின் இரத்தக் குழாய்கள் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் சில நொதியங்கள் சிவப்பு மூடியில் பெரும்பாலும் குறைந்துதான் நிற்கும். எப்போதும் அப்படி இல்லை, அதனால்தானே இந்த ஆராய்ச்சி என்பாள்.

வாய் கொஞ்சம் நீளம். கிளினிக் போகாமல், கால் வீங்கினால் ஆம்பிளைப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபம் எனக்குப் பிடிக்கும்.

மாக்ரெட்டின் தங்கை சாமினி வெள்ளவத்தையில் இருந்தாள். பம்பலப்பிட்டியில் அலுவலக வேலை. தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் மத்தியானச் சோறு சாப்பிடும்போது மாக்ரெட்டைத் தொலைபேசியில் அழைத்தாள். பிரஷர் கூடிப்போச்சு, தலை இடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாளாம். மாக்ரெட்டின் காதில் அது அலுவலகப் பிரஷராகத்தான் விழுந்தது. கொழும்பில் யாருக்குத்தான் பிரஷர் இல்லை? மனேஜர் பிரஷர், டார்கெட் பிரஷர், மாமியார் பிரஷர். லீவைப் போட்டுவிட்டு வீட்டில் படு என்று சொல்லிவிட்டு மாக்ரெட் பருப்பைப் பிசைந்தாள். பக்கத்தில் இருந்த நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சிவப்பு மூடி வந்தது. எங்களுக்கு வருவதில் பெயர் இருக்காது. வயது முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு கிழமைக் கர்ப்பம், அவ்வளவுதான். இவ்வளவு சின்னதாய் இருக்கே, அந்தப் பிள்ளை பாவம் என்று சொல்லிக்கொண்டே அரைத்தாள். முடித்து நிமிர்ந்தபோது ஆய்வுகூடத் தொலைபேசி அடித்தது. சாமினியின் புருஷன் சாந்தன். விடியவே சாமினிக்குக் கண் மங்கி, இதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அவசரமாக வெட்டிப் பிள்ளையை எடுத்தார்களாம்.

எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். ஒன்பதரைக்கு என்றான். அன்று காலை எங்களுக்கு வந்தது அந்த ஒரு பெட்டிதான். மாக்ரெட் தன் கையுறையைப் பார்த்தாள். இரத்தம் இன்னும் காயவில்லை. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமினி தப்பிவிட்டாள். பிள்ளை ஒன்றரைக் கிலோகூட இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பின்னேரம் வாட்டுக்கு நானும் கூடப் போனேன். சாமினி தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் கோபமே இல்லை. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை கிளினிக்கில டொக்டர் உடனே அட்மிட் ஆகி வாட்டில நிக்கச் சொன்னவர். அக்காவைக் கேட்டுப்போட்டு வாறன் எண்டுதான் உங்களுக்குக் கோல் எடுத்தனான். நீங்கள் வீட்டில படுக்கச் சொன்னீங்கள், படுத்திருந்தனான்."

மாக்ரெட் தங்கையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக முதல் ஒரு ஃபோமில கையெழுத்துக் கேட்டவை. நஞ்சுக்கொடியை ஆராய்ச்சிக்குக் குடுக்கிறதாம். அக்கான்ர லாப்தானே எண்டு உடனே வச்சனான். வந்து சேர்ந்ததோ?"

"ஓம், வந்தது" என்றாள் மாக்ரெட்.