அவருக்கு அடுத்து வந்த குரல்

கொரோனா வந்த முதல் மாதத்திலேயே எச்சரித்தவன் நான் என்று இத்தனை வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்வதாக ஒரு நாளும் நினைத்ததில்லை. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை என்னுடையது. எதிரில் ஒரு பேக்கரி. காலையில் டீக்கு அங்கே கூடுகிறவர்கள் எல்லோரும் எனக்குச் சாட்சி. ஆட்சியில் இருப்பவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிறார்கள் என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசினேன். எங்கள் கட்சிக்காரர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன்.

எனக்கு எதிராகப் பேசுகிறவர் என் தங்கை வீட்டுக்காரர். அவர் ஆளுங்கட்சி. மாமன் மச்சான் உறவில் அரசியல் பேசினால் அதற்குத் தனி ருசி. ஊரில் இருந்தால் நேரில் மல்லுக்கு நிற்போம். அவர் ரிக்கோடு வடக்கே போய்விட்டால் போனில் தொடர்வோம். அவர் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு ரிக் வைத்திருந்தார். போர்வெல் போடுவதற்கு ஆட்களை அழைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றுவார். அந்த மார்ச்சிலும் அங்கேதான் இருந்தார்.

ஊரடங்கு வந்தது. ரிக் ஒரு வயல் ஓரத்தில் நின்றுபோனது. ஒன்றரை மாதம் லாரிக்கு அடியில் படுத்து, கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதன் பிறகு அவருக்குக் காய்ச்சல். அங்கேயே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. கூட இருந்த தொழிலாளர்கள்தான் கொள்ளி வைத்தார்கள். பள்ளிபாளையத்தில் என் தங்கை அதை போனில் பார்த்தாள். எங்கள் பக்கம் ஒரு சாவு என்றால் தெருவே அடைபடும். அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் நாலு செருப்பு இல்லை. வழியெல்லாம் கட்டை கட்டி மறித்திருந்தார்கள். பத்துக் கல் தூரத்தில் இருக்கிற நான் போய்ச் சேர இருபது நாள் ஆயிற்று. அதற்குள் அவள் அழுது முடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு என் பேச்சுக்குச் சூடு கூடிவிட்டது. "தங்கச்சி மாப்பிள்ளையையே பறிகொடுத்தவனுங்க நான்" என்று ஆரம்பித்தால் பேக்கரியில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். முதல் மாதத்தில் இவர்கள் மெத்தனமாக இல்லாமல் இருந்திருந்தால் அவர் உயிரோடு வந்திருப்பார் என்பேன். மனதாரத்தான் சொன்னேன்.

இப்போது தேர்தல் வேலைகள் தொடங்கியதும் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். பள்ளிபாளையத்தில் கூட்டம் போடுகிறோம், நீங்கள் பேசுங்கள், உங்கள் தங்கையையும் மேடைக்கு அழைத்து வாருங்கள், அந்தம்மா இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை வருடம் பேக்கரியில் கத்தினதற்கு ஒரு மேடை கிடைக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

மறுநாள் மதியம் ஈரோடு பஸ்ஸில் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்துச் சந்தில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சாப்பாடு போட்டாள். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து அதே பழைய விவகாரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொரோனா வந்த ஆரம்பத்தில் அரசு சரியாக நடந்துகொண்டதா, இல்லையா. ஒருவர் அப்போது யாருக்குமே தெரியாது என்றார். இன்னொருவர் தெரிந்தே மறைத்தார்கள் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு டிவியைப் பார்த்துக் கத்தினேன். இவர்களை ஏன் பேச விடுகிறார்கள், அன்றைக்கு ஒவ்வொருவனும் பேசியதை அப்படியே எடுத்துப் போட்டுக் காட்ட வேண்டியதுதானே, குரல் இருக்கிறதே, யாரும் தப்ப முடியாதே என்றேன். சொல்லிவிட்டு அந்தச் சூட்டோடு மேடை விஷயத்தையும் அவளிடம் கேட்டுவிட்டேன்.

அவள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"உங்க குரலும் இருக்குதுங்கண்ணா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. நான் பேசியதை யாரோ பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதை மேடையில் போடலாம் என்கிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தேன்கூட.

அவள் உள்ளே போய், கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போனை எடுத்து வந்தாள். மாப்பிள்ளையுடையது. தொழிலாளர்கள் ரிக்கோடு திரும்பி வந்தபோது அவர் துணிமணிகளோடு கொடுத்த போன். அதை இன்னமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பைத் திறந்து, தேடாமலே ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

அவர் குரல் வந்தது. பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"மச்சான், இங்க எல்லாத்தையும் அடைக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. பசங்க பயப்படறாங்க. நீங்க தெனமும் சொல்றீங்களே, அதெல்லாம் நெசந்தானுங்களா? வண்டிய நிறுத்திப்போட்டுக் கெளம்பி வந்தர்றதுங்களா? நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னாச் சரி."

ஆளுங்கட்சிக்காரர். என்னோடு அவ்வளவு வாதாடியவர். அவருடைய தலைவர்கள் சொன்னதை விட்டுவிட்டு என்னைக் கேட்டிருக்கிறார். எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. அந்தக் குரல் முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததற்குப் போயிற்று.

"அட, நீங்க வேற மாப்ள. பேக்கரியில பேசறதெல்லாம் அரசியலுங்க. எங்காளுங்க கேள்வி கேக்கத்தான் செய்வாங்க, அதையெல்லாம் நெசம்னு எடுத்துக்குவாங்களா? அடிக்கற வெயிலுக்கு அந்தக் கொரோனா எங்கீங்க நிக்கும்? சீசன் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது. வேலைய உட்டுப்போட்டு வராதீங்க. அப்படி ஏதாவதுன்னா நானே வாரேன்."

கடைசியில் ஒரு சிரிப்பு. என் சிரிப்புதான்.

யாரோ என்னைப் போலப் பேசிக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நொடி நம்பப் பார்த்தேன். பேக்கரியில் நான் எச்சரித்தது உண்மை. அதை நானே நம்பவில்லை என்பதும் உண்மை. டிவியில் அந்த நாலு பேரும் இன்னும் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை ஏன் என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்களக் குத்தஞ் சொல்ல வச்சிருக்கலீங்கண்ணா. போன்ல பதிவாயிருக்கற அவரு கடைசிக் குரலு இதுதான். தெனமும் போட்டுக் கேப்பேன். அவரு முடிஞ்ச ஒடனே நீங்க வந்தர்றீங்க. நிறுத்தறதுக்குள்ள வந்தர்றீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அரிசி தீர்ந்துவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். பிறகு, மேடைக்கு வருவதில் தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் என்ன பேசுவதென்று தெரியவில்லை, இதைப் போட்டுக் காட்டினால் போதுமா என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். அவளுக்கு அரசியல் தெரியாது.

எழுந்தேன். எப்படி எழுந்தேன், எப்போது கை கழுவினேன், தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது, நான் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருக்கிறேன். எங்கள் பக்கம் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'வாரேன்' என்று சொல்லாமல் படி இறங்க மாட்டோம். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் எழுந்து போவோம். அன்றைக்கு யாருமே வராத, யாரும் அப்படி எழுந்து போகாத அந்த வீட்டிலிருந்து, இத்தனை வருடம் கழித்து நான் ஒருவன் எழுந்து போகிறேன்.

அவளும் அதைக் கவனித்துவிட்டாள். வாசல்வரை வந்தாள்.

"சொல்லிட்டுப் போங்கண்ணா."

திரும்பி நின்றேன். ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைத்தான் என் குரலில் அவள் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானே வாரேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. மேசையைத் தட்டித் தட்டிப் பேசிய வாய். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் நிலைப்படியைப் பிடித்தபடி இன்னும் காத்திருந்தாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து கட்சிக்காரருக்கு போன் செய்தேன். தங்கை வரவில்லையா என்று கேட்டார். அவள் வருவதாகத்தான் சொல்கிறாள், பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.