ஹெய்மோ இன்னும் வேலையில் இருக்கிறார்

தூயா ஹக்கரைனென் தன் கணவன் பெயரில் வேலை பார்த்த கதையைக் குவோபியோ நகரத்துப் பக்கத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பணத்துக்காகச் செய்தாள் என்பார்கள் சிலர். அது பொய். ஹெய்மோ செத்த சில நாட்களிலேயே, அரசாங்கச் சாவுப் பதிவைப் பார்த்து, வங்கி அவன் கணக்கைப் பூட்டிவிட்டது. சம்பளம் அந்தப் பூட்டுக்குள் போய் விழுந்தது. அவள் தொட நினைத்திருந்தாலும் தொட்டிருக்க முடியாது. துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள் வேறு சிலர். அதுவும் முழுதாகச் சரியில்லை.

தூயா நூலக வண்டி ஓட்டியவள். புத்தகம் அடுக்கிய பேருந்தை ஏரிக்கரைகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் கொண்டுபோய் நிறுத்துவாள். நகராட்சி அந்த வண்டியை நிறுத்திய பிறகு வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. ஹெய்மோவுக்கு மரக்கட்டை ஏற்றும் லாரி கம்பெனியில் வேலை. எந்த லாரி எந்தக் காட்டுக்குப் போகவேண்டும், எந்த ஆலையில் இறக்கவேண்டும் என்று பார்ப்பான். கொரோனாக் காலத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சமையலறை மேசையின் ஒரு முனையில் அவன், மறுமுனையில் காபியும் தூயாவும்.

முதல் வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மதியம் இருவரும் உறைந்த ஏரிமேல் பனிச்சறுக்கு போய்விட்டு வருவார்கள். பிறகு அது குறைந்தது. முன்பெல்லாம் சாயங்காலம் முற்றத்தில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இப்போது கார் நகர்வதே இல்லை. வேலை எப்போது முடிகிறது என்று சொல்ல ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று.

மேலாளர் வெர்னெரி முப்பது சொச்சம் வயதுக்காரன். கெட்டவன் இல்லை. ஆனால் அவனுக்குத் தோன்றியதெல்லாம் தோன்றிய நிமிஷத்திலேயே அடுத்தவருக்குப் போயாகவேண்டும். சாப்பாட்டு நேரம், ஞாயிற்றுக்கிழமை, எதுவும் கணக்கில்லை. கண்ணாடி டம்ளரில் ஸ்பூன் பட்ட மாதிரி லேப்டாப் ஒரு சத்தம் போடும். ஹெய்மோ முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

"அவசரமில்லைன்னுதானே போட்டிருக்கான்?" என்பாள் தூயா.

"அவசரமில்லைன்னு போட்டா அவசரம்னு அர்த்தம்."

"ஒரு தடவை முடியாதுன்னு சொல்லித்தான் பாரேன். வானமா இடிஞ்சு விழப்போகுது?"

"சொல்லலாம். அடுத்த தடவை ஆள் குறைக்கிறப்ப எவன் பேரு முதல்ல வரும்? இன்னும் மூணு வருஷம்தான் தூயா. ஓய்வு வந்துடும்."

ஓய்வு வரவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மதியம் தாண்டி இருட்டத் தொடங்கிய நேரம், ஹெய்மோ முற்றத்துக்கு அப்பால் இருந்த சவுனாக் குடிலில், சூடான ஆவியில் வியர்க்க உட்காரப் போனான். வழக்கமாக அவன் வந்து கூப்பிட்ட பிறகுதான் அவள் போவாள். அன்று கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தபோது சவுனா வாசல் பெஞ்சில் துண்டோடு சாய்ந்திருந்தான். மார்பிலிருந்து ஆவி எழவில்லை. கையில் போன் இருந்தது, திரை இன்னும் அணையவில்லை. மேலே வெர்னெரி எழுதியிருந்தான்: "ஹெய்மோ, இருக்கீங்களா? சின்ன விஷயம்." கீழே ஹெய்மோ எழுதி அனுப்பாமல் விட்டது: "இருக்கேன். இதோ பாக்குறேன்."

தூயா அதை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஏன் அழுத்தினாய் என்று பின்னாளில் எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பாதியில நின்னிருந்துச்சு. முடிச்சு வெச்சேன்."

ஞாயிறு முழுக்க லேப்டாப் மூடியே கிடந்தது. திங்கட்கிழமை காலை டம்ளரில் ஸ்பூன் பட்டது. அவள் அசையவில்லை. மறுபடி பட்டது. திறந்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும், அவர்களுடைய பழைய நாயின் பெயர். "சனிக்கிழமை பாக்குறேன்னீங்களே, என்னாச்சு?" என்று வெர்னெரி கேட்டிருந்தான். செத்துப்போயிட்டார் என்று எழுத வேண்டும். விரல்களை வைத்தாள். நான்கு வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்த வேலை. ஒரு லாரியை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு மாற்றவேண்டியிருந்தது. மாற்றினாள். "ஆச்சு" என்று எழுதினாள்.

"சூப்பர்! நீங்க இல்லேன்னா நான் என்ன ஆவேனோ" என்று பதில் வந்தது.

இழவு வீட்டில் யாரோ அவள் புருஷனிடம் நிகழ்காலத்தில் பேசினார்கள். அது போதுமாக இருந்தது.

அடக்கத்துக்கு ஏழெட்டுப் பேர்தான். செய்தித்தாளில் அறிவிப்புப் போடவில்லை. கம்பெனிக்குச் சொல்ல நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாயிற்று. காணொளிக் கூட்டங்களில் ஹெய்மோ ஒருநாளும் கேமராவைப் போட்டதில்லை, வாய் திறந்ததும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் பேசாமல் இருப்பது யாருக்கும் சந்தேகம் தரும் விஷயமல்ல. பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் இருக்கிறான். ஹெய்மோ பெயருக்குப் பக்கத்தில் காலை முதல் அது எரிந்தது.

நவம்பர் நடுவில் வெர்னெரி எழுதினான்: "ஒண்ணு சொல்லணும் ஹெய்மோ. இப்பல்லாம் முன்னைவிட வேகமா பதில் போடறீங்க. ரொம்பத் தெளிவா இருக்கீங்க."

அதைப் படித்துவிட்டுத் தூயா அடுத்த லாரியைப் பார்த்தாள்.

மேசையின் அந்த முனை குளிரும் என்பதால் ஹெய்மோவின் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். பால் ஊற்றிக் குடித்தவள் கறுப்புக் காபிக்கு மாறியிருந்தாள். எப்போது மாறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவனுக்கு வலிக்கும் இடது தோள் அவளுக்கும் வலித்தது. ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே முழு இருட்டு. நிமிர்ந்தபோது கண்ணாடியில் சாம்பல் சட்டை போட்ட ஒருவன் கூன் போட்டு உட்கார்ந்து, முகம் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தான். "போதும், எழுந்து வா. சாப்பாடு ஆறுது" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். கண்ணாடியில் இருந்தது அவளேதான். ஆனால் அவள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அது குனிந்திருந்தது என்றுதான் அவள் இன்றும் சொல்கிறாள். அன்றைக்கே அந்த ஜன்னலுக்கு ஒரு போர்வையை மாட்டினாள்.

டிசம்பரில் உத்தரவு வந்தது. புது வருஷம் முதல் எல்லோரும் அலுவலகத்துக்கு வரவேண்டும். வீட்டிலிருந்து வேலை இனிமேல் கிடையாது. வெர்னெரி தனியாகவும் எழுதினான்: "உங்களுக்கு ஜன்னலோர மேசை எடுத்து வெச்சுட்டேன். ஏரி தெரியும். எத்தனை வருஷமாச்சு உங்களை நேர்ல பாத்து!"

முதுகுவலி என்று எழுதிப் பார்த்தாள். உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை வாங்கித் தருகிறேன் என்றான். தூரம் என்றாள். எல்லோருக்கும் தூரம்தான் என்றான். எழுத எழுத அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இவ்வளவு நாள் ஹெய்மோவை உயிரோடு வைத்திருந்தது அவள் இல்லை. அவன் உடம்பை யாரும் கேட்காமல் இருந்ததுதான். இப்போது கேட்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம், ஊர் வழக்கப்படி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனாள். லேப்டாப்பை மூடினாள். போனையும் அதன்மேலேயே வைத்தாள், அன்றைக்காவது அது கூட வரவேண்டாம் என்று. நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினாள். வீட்டைப் பூட்டினாள். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுடர்கள், தெரிந்தவர்கள் தலையசைத்தார்கள். பனி மெல்லப் பெய்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது முற்றத்தில் வெளியே போன அவள் காலடிகள் மட்டும் பாதி மூடிக் கிடந்தன. உள்ளே வந்த தடம் எதுவும் இல்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

சமையலறையில் லேப்டாப் திறந்திருந்தது. போன் பக்கத்தில் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நாற்காலி, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி, பின்னால் இழுபட்டுக் கிடந்தது. ஜன்னலில் போர்வை மாட்டியபடியே இருந்தது.

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தாள். வெர்னெரி குழு முழுக்க அனுப்பியிருந்தான்: "பண்டிகை நேரத்துல தொந்தரவுக்கு மன்னிக்கணும். அவசரமில்லை. ஆனா விடுமுறை முடிஞ்சு போற லாரியெல்லாம் இன்னிக்கே ஒழுங்கு பண்ணிட்டா நல்லது. யாராவது இருக்கீங்களா?"

அவள் கல்லறையில் குனிந்து தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஹெய்மோ பெயரிலிருந்து பதில் போயிருந்தது.

"வேலை முடிஞ்சுது. இங்க யாரும் இல்லை."

அதற்குக் கீழே, லாரி ஓட்டிவிட்டு அலுவலக வேலைக்கு வந்த ஒஸ்ஸி என்பவன் எழுதியிருந்தான்: "நானும் இல்லை." அதற்குக் கீழே இன்னொருவர்: "நானும் இல்லை." அப்படியே குழு முழுக்க. வெர்னெரி பதிலே போடவில்லை.

நாற்காலியின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் வேறெதையும்விட அது குளிர்ந்திருந்தது. முதலில் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லியிருக்கலாமே என்று. பிறகு கோட்டோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்துத்தான் என்ன எழுதினோம் என்று பார்த்தாள். "ஹெய்மோ, இருக்கியா?"

அப்போதுதான் கையைப் பின்னுக்கு இழுத்தாள். அதே கேள்வி. பெஞ்சில் சாய்ந்திருந்தவன் கையில் கடைசியாக எரிந்துகொண்டிருந்த கேள்வி. அவள் இப்போது இந்தப் பொத்தானை அழுத்தினால் அவன் பதில் சொல்லிவிடுவான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கூப்பிட்ட குரலுக்கு வராமல் இருந்தவனா அவன்? எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எழுந்து வந்தவன். செத்தும் வருவான்.

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். சார்ஜர் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். லேப்டாப்பை ஒரு துணியில் சுற்றி ஹெய்மோவின் பழைய பையில் வைத்தாள். அந்த விடுமுறை முழுவதும் அந்த வீட்டில் எதுவும் சத்தம் போடவில்லை.

ஜனவரியில் வேலை தொடங்கிய நாள், விடியாத காலையில் பேருந்து ஏறிக் குவோபியோவுக்குப் போனாள். ஜன்னலோர மேசையில் ஹெய்மோ பெயர்ப் பலகை, ஒரு சின்னப் பூந்தொட்டி, தட்டில் ஏலக்காய் ரொட்டி. வெர்னெரி ஓடிவந்தான், அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"நீங்க தூயாதானே? ஹெய்மோ வண்டியை நிறுத்திட்டு வராரா?"

"ஹெய்மோ செத்துட்டாரு."

"ஐயோ... எப்ப? லீவுலயா?"

"அக்டோபர்ல. நீங்க சின்ன விஷயம்னு எழுதின அன்னிக்கு."

"இல்ல தூயா, நீங்க ஏதோ குழப்பத்துல... டிசம்பர் முழுக்க எனக்குப் பதில் போட்டாரே! முதுகுவலின்னு சொன்னாரே!"

"அது நான்."

"எல்லாமுமா?"

"ஒண்ணைத் தவிர."

எது என்று அவன் கேட்கவில்லை. ஒஸ்ஸிதான் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தான். பெரிய உடம்பு, பெரிய கைகள்.

"பண்டிகைக்கு முந்தின நாள் வந்தது, அதுதானே?" என்றான். "நான் என் சம்சாரத்துக்கிட்ட காட்டி, கடைசியா ஹெய்மோவுக்கு முதுகெலும்பு முளைச்சுடுச்சுடின்னு சொன்னேன். அந்த ஆளே சொல்லிட்டான், நமக்கென்னன்னுதான் நானும் போட்டேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "அப்ப யாருங்க போட்டது?"

"அந்நேரம் நான் கல்லறையில இருந்தேன்."

அந்தப் பெரிய அறையில் எல்லோருடைய திரையிலும் ஹெய்மோ பெயர் இருந்தது, ஆள் இல்லை என்று சொல்லும் சாம்பல் புள்ளியோடு. வெர்னெரி அந்த மேசையின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான், சட்டென்று எழுந்தான், தள்ளி நின்று அழுதான். தூயா அவனைத் தேற்றவில்லை. பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

கம்பெனி விசாரித்தது. வெளியே தெரிந்தால் யாருக்கு அசிங்கம் என்று யோசித்துப் பார்த்து, வழக்கு எதுவும் போடவில்லை. வீடு தேடி வந்த கணினிக்காரப் பையன் அந்தப் பதில் அதே லேப்டாப்பில் தட்டப்பட்டதுதான் என்று சொன்னான். "நீங்கதான் மறந்திருப்பீங்க" என்றான். "இருக்கலாம்" என்றாள். காபியை முடிக்காமலே கிளம்பிவிட்டான்.

வேலை நேரம் முடிந்த பிறகு வெர்னெரி அனுப்பும் செய்திகள் நின்றுவிட்டன என்று சொன்னால் பொய். இன்றைக்கும் வருகின்றன என்று ஒஸ்ஸி சொல்கிறான். யாராவது "நானும் இல்லை" என்று போடுவார்கள், வெர்னெரி மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த ஜன்னலோர மேசையில் உட்கார யாரும் முன்வராததால் பிரின்டரை அங்கே நகர்த்தினார்களாம்.

வசந்தத்தில், ஏரிப் பனி கறுத்து உடையத் தொடங்கியபோது, வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் நகராட்சி வண்டியைத் தூயா ஓட்டத் தொடங்கினாள். பழைய பாதைகள்தான், புத்தகத்துக்குப் பதில் மூடிவைத்த சூப்பு. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது சட்டம், அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டுவாள். உள்ளிருந்து குரல் வந்தால் மட்டும் போதாது. ஆள் எழுந்து வந்து கதவைத் திறந்து, முகத்தைக் காட்டும்வரை அங்கேயே நிற்பாள்.