முப்பத்தைந்தாம் கட்டத்துக் குதிரை

செம்பாக்கத்து ஞானையா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து 1979-இல் ஓய்வு பெற்றவர். கம்பியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கேட்டைத் திறந்தால் கூடத்தில் மணி அடிக்கும். மாடித் தொட்டி நிரம்பினால் சமையலறையில் விளக்கு எரியும்.

ஓய்வு பெற்ற மறுவாரமே, நாலு வீடு தள்ளியிருந்த தயாளனோடு சதுரங்கம் ஆட உட்கார்ந்தார். தயாளன் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தினமும் மாலை ஐந்தரைக்கு அவர் வீட்டு வராந்தாவில் ஆட்டம். ஆடுவது அரை மணி, ஊர்க்கதை ஒரு மணி. நடுவில் தயாளன் மனைவி சாமுண்டீஸ்வரியின் சுண்டல்.

1985 நவம்பரில் ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. நான்கு நாள் ஆட்டமில்லை. ஐந்தாம் நாள் ஞானையா, பல்லாவரம் சந்தையில் எப்போதோ வாங்கிய இரண்டு பழைய டெலிபோன்களைத் தூசி தட்டினார். முருங்கை மரங்கள் வழியாகத் தயாளன் வீட்டுக்குக் கம்பி போயிற்று. ஆளுக்கொரு பலகை, கட்டங்களுக்கு ஒன்று முதல் அறுபத்துநான்கு வரை எண். நகர்த்தும் எண்ணைப் போனில் சொன்னால் போதும்.

தண்ணீர் வடிந்த பிறகும் அதே ஏற்பாடு தொடர்ந்தது. சட்டை மாட்ட வேண்டாம், செருப்புத் தேட வேண்டாம். எண்ணைச் சொல்வார்கள், போனை வைத்துவிடுவார்கள். ஊர்க்கதை நின்றுபோனதை இருவருமே கவனிக்கவில்லை.

ஜனவரி பதினைந்தாம் தேதி தயாளன், "குதிரை நாற்பத்தாறு. செக்" என்றார்.

"உங்க குதிரை முப்பத்தஞ்சுல நிக்குது. நாற்பத்தாறுக்கு எப்படி வரும்?"

"முப்பத்தாறுல நிக்குது சார்."

"நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"நோட்டு உங்களுது. பலகை என் கண்ணு முன்னால கீது. வித்தவுட் டிக்கெட் புடிச்சே காலம் தள்ளினவன் சார் நான், என்கிட்டயேவா?"

ஞானையா போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அது ஒலிக்கவில்லை. ஏழு வருஷப் பழக்கம் ஒரு குதிரையால் போய்விடுமோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து திரும்பியதும் மனைவி தபீதாள் சொன்னாள்: "அந்தப் போனையே மொறைச்சிக்கினு இருக்கீங்க. நாலு வீடு நடந்தா கால் தேஞ்சிடுமா?"

ஞானையா காய்கள் கலையாமல் பலகையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினார். அடுத்த வீட்டு ரத்தினபாய், "இன்னா சார், சீர்வரிசையா?" என்றாள். அவர் வாய் திறக்கவில்லை; மூச்சுப் பட்டால் சிப்பாய் விழும்.

தயாளன் கதவைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். தன் பலகையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அந்த ஒரு குதிரையைத் தவிர எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

சாமுண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "போகிக்கு வூடு கழுவறப்ப எல்லாத்தையும் எடுத்துத் துடைச்சி வச்சேன். இந்தக் குதிரை மட்டும் எந்தக் கட்டம்னு கொஞ்சம் சந்தேகம்தான்."

"என்கிட்ட சொல்ல வேணாமாடி?"

"சண்டையும் போன்லயே போட்டு முடிச்சிட்டீங்க. என்னை யாரு கேட்டா?"

தயாளன் தலையைச் சொறிந்தார். "வித்தவுட் டிக்கெட் என் வூட்டுலயே ஏறியிருக்கு சார்."

ஞானையாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. குதிரையை முப்பத்தைந்தில் வைத்துவிட்டு ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தில் தயாளனே ஜெயித்தார். ஞானையா அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

போனை அவர் கழற்றவில்லை. அன்றிலிருந்து அது தபீதாளுக்குப் பயன்பட்டது. சாப்பாட்டு நேரத்துக்குத் தயாளன் வீட்டில் மணி அடிக்கும். தயாளன் எடுத்து, "இதோ அனுப்பறேம்மா" என்பார். அப்புறம் இன்னொரு ஆட்டத்துக்குக் காய்களை அடுக்குவார்.