எர்வின் மறுபடி எடுத்த பாட்டு

பட்டறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது லொவீனா கல்யாண விருந்துக்கான 'பை' என்ற இனிப்புப் பண்டத்துக்காகப் புளிப்பு ரூபார்ப் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சுரம். மெலிந்து, நடுங்கி, காற்றுப் போதாமல் பாதியில் அறுந்துபோன சுரம். கத்தி பலகையின் மேல் அப்படியே நின்றது.

சுருதிக்குழல்!

வீட்டை ஒட்டிய அந்தப் பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தம் வரும். பழைய இஞ்சின்கள் இருமும் சத்தம் வரும். அவள் கணவர் எர்வின் தும்மும் சத்தம் வரும். இந்தச் சத்தம் மட்டும் ஆறு வருடங்களாக வந்ததில்லை.

மாடியில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரமும் நின்றுவிட்டது. மகள் மார்லீனுக்கும் கேட்டிருக்க வேண்டும். தாயும் மகளும் ஆளுக்கொரு அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். குழலுக்குப் பின்னால் ஒரு குரல் எழ வேண்டும்.

எழவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால். ஐந்து மணிக்கு லொவீனாவின் அண்ணன் வில்மர் வந்துவிடுவார். அதற்குள் எர்வின் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

கானஸ்டோகோ ஆற்றின் இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மெனோனைட் கிறிஸ்தவச் சபையில் எர்வின் ஷான்ட்ஸைத் தெரியாதவர்கள் இல்லை. புல்வெட்டி இயந்திரம் பழுதானால் அவரிடம்தான் கொண்டுபோவோம். கை சுத்தம், வாய் இனிமை. ஆனால் பொருள் எப்போது திரும்பி வரும் என்பது மட்டும் பரலோகத்துக்குத்தான் தெரியும். போன இலையுதிர்காலத்தில் கொடுத்த இயந்திரங்கள் இந்த மே மாதத்திலும் பட்டறையில் வரிசையாகப் படுத்திருந்தன. களஞ்சியத்தின் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நான்கு வருடமாகப் பழைய சாம்பல் நிறம். சமையலறையின் வெளிக்கதவு கீல் தளர்ந்து தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் அதற்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. எதைக் கேட்டாலும் எர்வினிடம் ஒரே பதில், "பாக்கலாம்."

அவர் எப்போதும் இப்படி இருந்தவரில்லை. ஒரு காலத்தில் அவர்தான் எங்கள் சபையில் பாட்டு எடுப்பவர். எங்கள் ஆராதனையில் ஆர்கன் கிடையாது, பியானோ கிடையாது. ஒருவர் முன்னால் வந்து நிற்பார், பிஸ்கட் அளவுள்ள வட்டக் குழலை ஊதி முதல் சுரத்தைக் கொடுப்பார், அதைப் பிடித்துக்கொண்டு இருநூறு பேரும் நான்கு குரலாகப் பிரிந்து பாடுவோம். எர்வின் பத்தொன்பது வயதில் அந்த இடத்துக்கு வந்தவர். பனிக்காலப் பாட்டு வகுப்பில் தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோவுக்குரிய பெஞ்சில் உட்கார்ந்திருந்த லொவீனாவை அங்கேதான் பார்த்தார். "சுரத்தை எல்லாருக்கும் கொடுத்தார், கண்ணை மட்டும் எனக்குக் கொடுத்தார்" என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் வந்தது அந்த ஈஸ்டர் ஞாயிறு.

அன்று காலை எர்வின் கண்ணாடியை வண்டியிலேயே மறந்துவிட்டார். குழலின் விளிம்பில் ஒன்றை ஒட்டி ஒன்றாக இருக்கும் துளைகளில் தவறான துளையை ஊதிவிட்டார். பாட்டு எங்கே தொடங்க வேண்டுமோ அதற்கு எவ்வளவோ மேலே தொடங்கியது. முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் எடுத்த பாட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆலயக் கூரை பற்றி எரிந்தாலும் கடைசிச் சரணத்தைப் பாடி முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவோம். மூன்றாம் வரியில் பெண்களின் குரல் உடைந்தது. ஆண்களின் கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒரு குழந்தை வீறிட்டது. வெளியே யாருடைய நாயோ ஊளையிட்டது. பெஞ்சுகளில் சிரிப்பை அடக்கிய தோள்கள் குலுங்கின. அப்படியே நான்கு சரணங்கள்! ஒவ்வொரு சரணத்திலும் எர்வினின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் வில்மர் அவர் தோளைத் தட்டி, "மாப்ள, அடுத்த தடவை பாட்டுக்கு முன்னாடி ஆளுக்கொரு ஏணி குடுத்துடு!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எர்வினும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சுருதிக்குழலைப் பட்டறை அலமாரியில் ஆணி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். அதற்குப் பிறகு முன்னால் போய் நிற்கவே இல்லை. "அடுத்த மாசம்", "அறுவடை முடியட்டும்", "தொண்டை சரியில்ல." பாட்டில் தொடங்கிய அந்தத் தள்ளிப்போடல், களைபோல மெல்ல மெல்ல அவர் வாழ்க்கை முழுவதும் பரவிவிட்டது. எதைத் தொட்டாலும் அது தவறாகிவிடும் என்று உள்ளே ஒரு குரல். தொடாமல் இருந்தால் தவறாகாதே!

மார்லீன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். போன மே மாதம், லாயல் பௌமனை மணக்கப் போவதாகச் சொன்ன அன்றே கேட்டாள். "அப்பா, என் கல்யாணத்துல நீங்கதான் பாட்டு எடுக்கணும்." எர்வின் "பாக்கலாம்" என்றார். ஒரு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார். இதோ, நாளை மறுநாள் சனிக்கிழமை கல்யாணம். அடுத்த வாரமே பெண்ணும் மாப்பிள்ளையும் சபையின் பள்ளிக்கூட ஊழியத்துக்காகப் பொலிவியாவுக்குப் போகிறார்கள். நான்கு வருடம்!

காலைச் சாப்பாட்டின்போது மார்லீன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, பாட்டுப் பட்டியலை முடிவு பண்ண மாமா அஞ்சு மணிக்கு வரார். ஆமான்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. இல்லன்னா மாமாவே எடுத்துப்பார், நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா, 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த வார்த்தையை மனசுல வச்சுக்கிட்டு என்னால விமானம் ஏற முடியாது."

சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றதை எர்வின் பார்த்துவிட்டார்.

லொவீனா கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். எர்வின் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் இருந்த குழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுது" என்றாள்.

"தூசு அடைச்சிருக்கான்னு பார்த்தேன்."

"குழல்லயா, தொண்டையிலயா?"

அவர் சிரிக்கவில்லை. "நான் என்ன செய்ய, லொவீனா? ஆறு வருஷமா காலையில உன் பக்கத்துல முழங்கால் போடும்போதெல்லாம் இதைத்தான் கேக்கறேன். ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப் போடும், அப்புறம் எழுந்து நிக்கறேன்னு. அவர் எடுக்கவே இல்ல. அப்போ நான் நிக்க வேணாம்னுதானே அர்த்தம்?"

லொவீனாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வேதத்துல மோசே ஆண்டவர்கிட்ட என்ன சொன்னார்? எனக்குப் பேச வராது, வேற யாரையாவது அனுப்புங்கன்னுதானே? ஆண்டவர் அவர் நாக்கைச் சரி பண்ணிட்டா அனுப்பினார்? அந்த நாக்கோடதாங்க போகச் சொன்னார். கூட நான் வரேன்னார். அவ்வளவுதான். நீங்க ஆறு வருஷமா அவர்கிட்ட ஒரு நிபந்தனை போட்டுட்டு, அதுக்கு ஜெபம்னு பேர் வச்சிருக்கீங்க!"

இருபத்தேழு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் இப்படிப் பேசியதில்லை. "அடுப்புல சட்டி இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தாள். அடுப்பில் சட்டி எதுவும் இல்லை.

எர்வின் எழுந்து, முக்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, எண்ணெய்க் கறை படிந்த தரையில் முழங்காலிட்டார். ஆறு வருடமாகச் சொன்ன ஜெபம் பழக்கத்தில் உதட்டுக்கு வந்தது. அதை விழுங்கினார்.

"ஆண்டவரே, பயம் இருந்துட்டுப் போகட்டும். நான் இதோடயே எழுந்து நிக்கறேன். நீர் என் பக்கத்துல நில்லும்."

பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பயம் அதே இடத்தில் இருந்தது. அந்தப் பயத்தோடேயே குழலை எடுத்து, எழுந்து நின்று ஊதினார்.

சமையலறையில் லொவீனா நிமிர்ந்தாள். இந்த முறை குழலுக்குப் பின்னால் குரல் வந்தது! கரகரத்த, துருப்பிடித்த குரல். சனிக்கிழமைக்கென்று மார்லீன் தேர்ந்தெடுத்திருந்த பாட்டு. முதல் வரி தனியாக வந்தது. இரண்டாம் வரியில் மாடியிலிருந்து மகளின் குரல் அதன் மேல் வந்து அமர்ந்தது. லொவீனாவால் பொறுக்க முடியவில்லை. கையில் ரூபார்ப் தண்டோடு தன் ஆல்ட்டோவை எடுத்தாள். மூன்று அறைகள், மூன்று குரல்கள். சுவர்கள் இல்லாதது போல ஒரே பாட்டு.

மூன்றாம் வரி ஏறத் தொடங்கியது. மார்லீனின் குரல் கீறியது. லொவீனாவின் குரல் உடைந்தது.

மறுபடியும் அதிகமாக ஏற்றிவிட்டார்!

ஐயோ, இன்றைக்கா? அந்த ஈஸ்டர் ஞாயிறு அப்படியே வீட்டுக்குள் வந்து நின்றது. இனி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வழக்கப்படி நான்கு சரணத்தையும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடி முடிப்பார்கள். பிறகு அந்தக் குழல் ஆணி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும். இந்த முறை என்றென்றைக்கும்.

"நிறுத்துங்க!"

பட்டறையிலிருந்து வந்த அந்தக் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வீடு ஸ்தம்பித்தது.

"ரொம்ப மேல எடுத்துட்டேன். தப்பு என்னோடது. மறுபடி எடுக்கலாம்."

பிறந்ததிலிருந்து லொவீனா எத்தனையோ ஆயிரம் பாட்டுகள் பாடியிருக்கிறாள். பாட்டு எடுப்பவர் ஒருவர் பாட்டை நிறுத்தி அவள் கேட்டதே இல்லை. கூரை இடிந்து விழவில்லை. யாரும் சாகவில்லை. குழல் ஒலித்தது, தாழ்வாக, தெளிவாக. எர்வின் மறுபடி எடுத்தார். மகள் பிடித்துக்கொண்டாள். மனைவி பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வரி, காற்றில் ஏறும் பறவைபோல, சிரமமே இல்லாமல் ஏறியது. முதல் சுரத்தைக் கொடுப்பது மட்டுமே தன் வேலை, பாட்டைத் தான் ஒருவனே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்பது எர்வினுக்கு அந்த வரியில்தான் உறைத்தது. அவர் கன்னங்களில் நீர் வழிந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை.

இரண்டாம் சரணத்தில் நான்காவதாக ஒரு குரல் சேர்ந்துகொண்டது. ஆழமான பேஸ் குரல், பின்வாசலிலிருந்து. லொவீனா திரும்பினாள். செங்கல் முட்டுக் கொடுத்த கதவின் கண்ணாடிக்கு வெளியே வில்மர், தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்று பாடிக்கொண்டிருந்தார். ஐந்து மணி என்றால் நான்கு மணிக்கே வருகிற மனிதர்.

நான்கு சரணமும் முடிந்தது. எர்வின் பட்டறையிலிருந்தும், மார்லீன் பாதி தைத்த வெள்ளைத் துணியோடு மாடியிலிருந்தும் சமையலறைக்கு வந்தார்கள். மகள் தகப்பனை ஒன்றும் கேட்கவில்லை. அவர் சட்டையின் எண்ணெய்க் கறை தன் கல்யாணத் துணியில் படுவதைக்கூடக் கவனிக்காமல் அவரைக் கட்டிக்கொண்டாள்.

"துணி, துணி!" என்று லொவீனா அலறினாள்.

"இருக்கட்டும்மா. இந்தக் கறை என்னோட பொலிவியாவுக்கு வரட்டும்."

வில்மர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். லொவீனா காபியும், காலையில் சுட்ட ரூபார்ப் பையில் ஒரு பெரிய துண்டும் வைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து விரித்தார்.

"மாப்ள, நீ நிறுத்தினதை வெளியில நின்னு கேட்டேன். சனிக்கிழமை முந்நூறு பேர் முன்னாடி இப்படி ஆயிட்டா?"

"நிறுத்துவேன், மச்சான்."

"நம்ம ஆலயத்துலயா? நிறுத்துவியா?"

"தினமும் காலையில மன்னிப்புக் கேட்டு மறுபடி ஆரம்பிக்கற ஜனம்தானே நாம? பாட்டுல மட்டும் ஏன் கூடாது?"

வில்மர் பைத் துண்டை மென்றுகொண்டே யோசித்தார். பட்டியலில் பாட்டுக்கு நேராகப் பென்சிலால் ஏற்கெனவே தன் பெயரை எழுதி வைத்திருந்தார். அதை அழித்தார். நன்றாக, தடம் தெரியாமல் அழித்தார். அந்த இடத்தில் 'எர்வின் ஷான்ட்ஸ்' என்று எழுதினார். எழுதிய பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த ஏணி... உன் முகம் வெளுத்திருந்துது. சிரிச்சா சரியாயிடும்னுதான் சொன்னேன். நீ அதுலயே ஏறி ஆறு வருஷம் இறங்காம உக்காந்துடுவன்னு எனக்குத் தெரியாது, மாப்ள. மன்னிச்சுடு."

"இறங்கிட்டேன், மச்சான். நீங்க அந்த ஏணியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

வில்மர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"ஆமா, என் புல்வெட்டி? என் வீட்டு முற்றத்துல பசு மேயற அளவுக்குப் புல் வளர்ந்துடுச்சு."

எர்வினின் உதடு பழக்கத்தில் குவிந்தது. "பா..."

மார்லீன் புருவத்தை உயர்த்தினாள்.

"திங்கக்கிழமை" என்றார் எர்வின். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க வாசல்ல இருக்கும்."

"சாட்சி ரெண்டு பேர் இருக்காங்க!" என்று விரலை ஆட்டிவிட்டு வில்மர் படி இறங்கினார். அவர் வண்டி சரளைக்கல் பாதையில் உருண்டு, ஆற்றுப் பக்கம் திரும்பி மறைந்தது.

கதவு வழக்கம்போல முனகிக்கொண்டு தானாகத் திறந்தது. லொவீனா செங்கல்லை நகர்த்தக் குனிந்தாள்.

"இரு" என்றார் எர்வின்.

பட்டறைக்குப் போய் ஒரு திருப்புளியோடு வந்தார். மேல் கீலில் இரண்டு திருகாணிகள், கீழ்க் கீலில் ஒன்று. இரண்டு நிமிட வேலை. செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.

அது மூடிக்கொண்டது.